எலியட் ஸ்கின்னர்: ஆய்வு செய்யப் போன ஊருக்கே அமெரிக்கத் தூதராகப் போனவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க வரலாறு பற்றிய பேச்சில் எலியட் ஸ்கின்னர் பெயரை எடுத்தால், கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது சுலபம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ஸ்கின்னர்னா அந்த எலி, புறா வெச்சு சோதனை பண்ணின உளவியல்காரர்தானே?

இல்லை. அவர் பி.எஃப். ஸ்கின்னர். பி.எட். படித்தவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். இவர் எலியட் பெர்சிவல் ஸ்கின்னர், மானிடவியலாளர். 1924-ல் டிரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1966 முதல் 1969 வரை மேற்கு ஆப்பிரிக்க நாடான அப்பர் வோல்டாவில் அமெரிக்கத் தூதர். அந்த நாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுநீள ஆய்வு நூலை எழுதி வெளியிட்ட பிறகுதான் அங்கே தூதராகப் போனார் என்பதே அவரைப் பற்றி எழுதக் காரணம்.

டிரினிடாட்காரர் எப்படிங்க அமெரிக்கத் தூதராக முடியும்?

அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் போதும். அந்நாட்டு அரசியல் சட்டத்தில் பிறப்புவழிக் குடியுரிமை கட்டாயம் என்பது ஜனாதிபதி, துணை ஜனாதிபதி பதவிகளுக்கு மட்டும்தான்.

அவர் பிறந்தபோது டிரினிடாட் பிரிட்டிஷ் காலனி. 1943-ல் நியூயார்க் வந்தார், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து பிரான்சில் பணியாற்றினார். அந்தச் சேவைதான் குடியுரிமையைக் கொடுத்தது. போர் முடிந்ததும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு, பிறகு கொலம்பியாவில் முதுகலை, 1955-ல் முனைவர் பட்டம். பிரிட்டிஷ் காலனியில் பிறந்து, அமெரிக்கச் சீருடை போட்டு, பிரெஞ்சுக் காலனியில் ஆய்வு செய்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கீழே சில பதில்களுக்கு இது தேவைப்படும்.

எடுத்த எடுப்பிலேயே ஆப்பிரிக்காவுக்கா போனார்?

இல்லை. முனைவர் பட்ட ஆய்வு பிரிட்டிஷ் கயானாவில். ஒரே கிராமத்தில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகினார்கள், எங்கே விலகி நின்றார்கள் என்பதுதான் தலைப்பு. கயானாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. நம் வாசகர்கள் ஸ்கின்னரின் அந்த ஆய்வையும் தேடிப் பார்க்கலாம்.

அது முடிந்த கையோடு 1955-ல் அப்பர் வோல்டா போனார். 1957 வரை மொஸ்ஸி மக்களிடையே கள ஆய்வு. அவர்களுடைய மோரே மொழியைக் கற்றுக்கொண்டார்.

அப்பர் வோல்டான்னு மேப்ல ஒரு நாடே இல்லையே?

இன்று அதன் பெயர் புர்கினா ஃபாசோ. தாமஸ் சங்கரா ஆட்சியில் 1984 ஆகஸ்டில் பெயர் மாறியது. கடலோரம் இல்லாத நாடு. கானா, ஐவரி கோஸ்ட், மாலி, நைஜர், டோகோ, பெனின் ஆகிய ஆறும் சுற்றி நிற்கின்றன. தலைநகர் வகாடூகு.

பிரான்ஸ் இதை 1919-ல் தனிக் காலனியாக்கியது, 1932-ல் கலைத்துப் பக்கத்துக் காலனிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தது, 1947-ல் மறுபடி ஒட்டவைத்தது. பிரித்ததற்குப் பின்னால் கூலியாள் கணக்கு இருந்தது: பெரும்பகுதியை ஐவரி கோஸ்ட்டோடு சேர்த்துவிட்டால், அங்கிருந்த தோட்டங்களுக்கு மொஸ்ஸி ஆட்களைக் கொண்டுபோவதற்கு எல்லையே குறுக்கே நிற்காது. 1960 ஆகஸ்ட் 5-ல் விடுதலை கிடைத்தது.

மொஸ்ஸிங்கறவங்க யாரு? அவங்களுக்கு ராஜா இருக்காராமே?

நாட்டின் மிகப் பெரிய இனம். இன்றைய வட கானாப் பகுதியிலிருந்து குதிரையேறி வந்த யென்னெங்கா என்ற இளவரசியின் வழிவந்தவர்கள் என்பது அவர்களுடைய வம்சக் கதை. பல அரசுகள் இருந்தன. வகாடூகு அரசரை மோகோ நாபா என்பார்கள். அவருக்குக் கீழே மாகாணத் தலைவர்கள், அவர்களுக்குக் கீழே ஊர்த்தலைவர்கள். நாபா என்றால் தலைவர். ஊருக்கும் ஒரு நாபா, நாட்டுக்கும் ஒரு நாபா. 1896-ல் பிரெஞ்சுப் படை வகாடூகுவைப் பிடித்தது. அதன்பிறகும் அரசரை ஒழிக்காமல் அவர் வழியாகவே வரி வசூலித்தது, ஆள் பிடித்தது.

ராஜா இன்றும் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் அரண்மனைக்கு முன்னால் நடக்கும் சடங்கைச் சொல்லாமல் மொஸ்ஸி பற்றிப் பேச முடியாது. சேணம் பூட்டிய குதிரை தயாராக நிற்கும். போருக்குப் புறப்படும் கோலத்தில், சிவப்பு உடையில் மோகோ நாபா வெளியே வருவார். அமைச்சர்கள் தொப்பியைக் கழற்றி, தரையில் குனிந்து வணங்கி, போகவேண்டாம் என்று கேட்டுக்கொள்வார்கள். அவர் உள்ளே போய்விடுவார், குதிரையின் சேணம் அவிழ்க்கப்படும். கொஞ்ச நேரத்தில் வெள்ளை உடையில் வந்து உட்காருவார். இதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கதைகள் ஆளுக்கொரு விதம். சொல்லாமல் விளங்குவது ஒன்று: ராஜாவாகவே இருந்தாலும் அமைச்சர்கள் பேச்சைக் கேட்டாகவேண்டும். பார்க்கப் போகிறவர்கள் கேமராவை உள்ளே வைத்துவிடுவது நல்லது, படமெடுக்க அனுமதியில்லை.

அவர் புத்தகத்துல அப்படி என்ன புதுசா சொல்லிட்டார்?

மொஸ்ஸி பற்றிய நூல் 1964-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் வந்தது. அன்றைக்கு ஆப்பிரிக்கா பற்றி இரண்டு எளிய கதைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, பழங்குடி வழக்கங்கள் உறைந்துபோய் அப்படியே இருக்கின்றன. இன்னொன்று, விடுதலையும் கட்சி அரசியலும் வந்துவிட்டதால் தலைவர்களின் காலம் முடிந்தது. ஸ்கின்னர் இரண்டையும் ஏற்கவில்லை. மொஸ்ஸி அரசு ஒரு முறையான ஆட்சி இயந்திரம், காலனி ஆட்சி அதை வளைத்தது, புது அரசியல்வாதிகள் அதோடு மோதினார்கள், ஆனால் அது உதிர்ந்துவிடவில்லை என்று ஊர் ஊராகப் பார்த்து எழுதினார்.

1958 அக்டோபரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய மோகோ நாபா குக்ரி, தன்னை அரசியல் சட்டப்படியான மன்னராக ஏற்கவேண்டும் என்று ஆட்களைத் திரட்டிச் சட்டசபையைச் சூழவைத்தார். முயற்சி தோற்றது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு பழைய ராஜாவின் கடைசி வேடிக்கை. ஸ்கின்னரைப் படித்தவர்களுக்கு, ஐந்நூறு ஆண்டுப் பழக்கமுள்ள ஓர் அமைப்பு புதுச் சட்டசபையில் தனக்கு இடம் கேட்டது என்று புரியும்.

அவருடைய இன்னொரு முக்கியமான வேலை கூலி இடப்பெயர்வு பற்றியது, 1960-ல் கட்டுரையாக வந்தது. அறுவடை முடிந்து கம்பும் சோளமும் குதிருக்குள் போனதும் மொஸ்ஸி இளைஞர்கள் தெற்கே கானாவின் கொக்கோத் தோட்டங்களுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் கிளம்புவார்கள். மழைக்கு முன்னால் பலர் திரும்பிவிடுவார்கள். காலனி அரசின் வரியைப் பணமாகக் கட்டவேண்டியிருந்ததில் தொடங்கிய பழக்கம் இது. கையில் காசோடு திரும்பும் இளைஞன் அப்பாவிடமும் ஊர்த்தலைவரிடமும் முன்போலப் பணிந்து நிற்பானா என்பதே அவருடைய கேள்வி. எனக்கு அவர் எழுத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தூதர்னா பரீட்சை எழுதி பாஸ் பண்ணி வரணும்ல? பேராசிரியரை எப்படிப் போட்டாங்க?

நம் ஊரில் வெளியுறவுப் பணி என்றதும் யுபிஎஸ்சி நினைவுக்கு வருவதால் வரும் சந்தேகம். அமெரிக்காவிலும் தேர்வெழுதி வரும் தொழில்முறை அதிகாரிகள் உண்டு, தூதர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். ஆனால் ஜனாதிபதி யாரை வேண்டுமானாலும் முன்மொழியலாம். செனட் ஒப்புதல் கொடுத்தால் சரி. அப்படி வெளியிலிருந்து வருகிறவர்களில் தேர்தலுக்குப் பணம் திரட்டியவர்களும் இருப்பார்கள், பேராசிரியர்களும் இருப்பார்கள். பணம் திரட்டியவர்கள் பொதுவாக ஐரோப்பியத் தலைநகரங்களைத்தான் கேட்பார்கள். வகாடூகுவுக்கு அந்தப் போட்டி கிடையாது.

ஸ்கின்னரை முன்மொழிந்தவர் லிண்டன் ஜான்சன். அதே 1966 மே மாதத்தில்தான் ஜான்சன் ஆப்பிரிக்காவுக்கென்றே ஓர் உரை நிகழ்த்தினார். வியட்நாமில் மூழ்கிக்கிடந்த அரசு ஆப்பிரிக்காவின் பக்கம் கொஞ்சம் தலையைத் திருப்பிய நேரம் அது.

அவர் போனப்ப அங்க நிலைமை எப்படி இருந்துச்சு?

ஆட்சி கவிழ்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. முதல் ஜனாதிபதி மோரிஸ் யமேயோகோ 1965 மார்ச்சில் வாஷிங்டனுக்கு அரசு விருந்தினராகப் போய் ஜான்சனைச் சந்தித்தவர். அந்த ஆண்டு முடிவில், கஜானா காலி என்று அரசு ஊழியர் சம்பளத்தில் 20 சதவீதம் வெட்டப் பார்த்தார். தொழிற்சங்கங்கள் கொதித்தன. 1966 ஜனவரி 3-ல் வகாடூகு தெருக்கள் நிறைந்தன. ஆசிரியை ஜாக்லின் கி-ஜெர்போ மாணவிகளோடு ஊர்வலமாக வந்தார். அவருடைய கணவர் ஜோசஃப் கி-ஜெர்போ எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவர், பெயர்பெற்ற வரலாற்றாசிரியர். அன்று மாலைக்குள் ராணுவத்தின் லெப்டினன்ட் கர்னல் சங்கூலே லமிசானா பொறுப்பேற்றார்.

ஆக ஸ்கின்னர் தன் நியமனப் பத்திரத்தைக் கொடுத்தது ராணுவ ஆட்சியாளரிடம். நிதியமைச்சர் கராங்கோ ஓட்டைக் கஜானாவை அடைக்கச் செலவைக் கடுமையாக வெட்டிக்கொண்டிருந்த காலம். அதற்கு மக்கள் அமைச்சர் பெயரிலேயே கராங்கோஸ் என்று பட்டம் வைத்துவிட்டார்கள்.

சரி, தூதரா இருந்து என்ன சாதிச்சார்?

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தூதர் எவ்வளவு அறிந்தவராக இருந்தாலும் அவர் கையிலிருக்கும் பணத்தையும் அதிகாரத்தையும் தீர்மானிப்பது வாஷிங்டன். அவர் பதவியேற்ற அதே 1966-ல், எத்தியோப்பியாவில் தூதராக இருந்த எட்வர்ட் கோரி தயாரித்த அறிக்கை ஒன்று வந்தது. ஆப்பிரிக்காவில் நேரடி உதவியைச் சில முக்கிய நாடுகளுக்கு மட்டும் குவிப்போம், மற்றவற்றைப் பல நாடுகள் சேர்ந்த வட்டாரத் திட்டங்கள் வழியாகப் பார்த்துக்கொள்வோம் என்பது சாரம். அப்பர் வோல்டா அந்த 'மற்றவை'யில் ஒன்று. தவிர, நாணயமும் ஆலோசகர்களும் பள்ளிப் பாடமும் இன்னும் பிரான்ஸ் பக்கம்தான். அமெரிக்கா அங்கே இரண்டாவது வரிசை விருந்தாளி.

வட்டாரத் திட்டங்களிலேயே உருப்படியாக நடந்தது பெரியம்மை, தட்டம்மை ஒழிப்பு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் 20 நாடுகளில் அமெரிக்கப் பணத்திலும் ஆட்களிலும் 1967-ல் தொடங்கியது. காலால் மிதித்து அழுத்தம் ஏற்றி, ஊசியில்லாமல் மருந்தைத் தோலுக்குள் செலுத்தும் கருவியோடு சந்தை சந்தையாகப் போனார்கள். அந்த வட்டாரத்தில் பெரியம்மை 1970-ல் முடிவுக்கு வந்தது. இதை ஸ்கின்னரின் சாதனை என்று எழுதுவது தவறு. இந்த முயற்சிக்கே அப்பர் வோல்டாவில் அவருக்கு முன்பே வித்து விழுந்துவிட்டது: 1962 வாக்கில் அங்கே ஏறத்தாழ 7 லட்சம் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்டிருந்தது.

அவரால் மட்டும் முடிந்தது வேறு. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஓர் ஊர்த்தலைவரோடு உட்கார்ந்து பேசுவது, யார் யாருக்குச் சொந்தம், எந்த மாகாணம் எந்த அமைச்சரின் பக்கம் என்று சொல்லாமலே புரிந்துகொள்வது. அந்தப் புரிதல் எத்தனை தந்திகளில் வாஷிங்டன் போனாலும், அதை வைத்து எதையும் மாற்ற வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை.

கறுப்பினத்தவர்ங்கிறதாலதான் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினாங்களா?

நியாயமான சந்தேகம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் வழக்கமே அப்படி இருந்தது. முதல் கறுப்பினத் தூதுவரான எபனேசர் பாசெட்டை 1869-ல் ஹைட்டிக்கு அனுப்பினார்கள், 1871-ல் ஜேம்ஸ் மில்டன் டர்னரை லைபீரியாவுக்கு. அதன்பின் பல பத்தாண்டுகள் இந்த இரண்டு நாடுகளையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். தூதர் என்ற முழுத் தகுதி பெற்ற முதல் கறுப்பினத்தவர் எட்வர்ட் டட்லி; 1949, அவரும் லைபீரியாதான். 1960-களில்தான் கதவு திறந்தது: 1961-ல் கிளிஃப்டன் வார்ட்டன் நார்வேக்கும், 1963-ல் கார்ல் ரோவன் ஃபின்லாந்துக்கும், 1965-ல் பெட்ரிஷியா ராபர்ட்ஸ் ஹாரிஸ் லக்சம்பர்க்குக்கும் போனார்கள்.

ஸ்கின்னர் விஷயத்தில் நிறத்துக்கும் பங்கு இருந்திருக்கும், படிப்புக்கும் பங்கு இருந்தது. அன்றைய அமெரிக்காவில் மொஸ்ஸி சமூகத்தை அவரளவுக்கு அறிந்தவர்களைத் தேடினால், கறுப்பினத்தவரோ வெள்ளையரோ, விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அமெரிக்காவுலயே அவங்க நிலைமை மோசம். அவர் போய் அமெரிக்காவுக்காகப் பேசினது முரண்பாடா தெரியலையா?

தெரிகிறது. கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கான சட்டம் 1965-ல்தான் வந்தது, அவர் தூதராவதற்கு ஓராண்டு முன்னால். 1968 ஏப்ரல் 4-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது அவர் வகாடூகுவில் அமெரிக்கக் கொடிக்குக் கீழே பதவியில் இருந்தார். அதே மாதம் அவருடைய சொந்தக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஹார்லெம் பக்கத்துப் பூங்காவில் உடற்பயிற்சிக் கூடம் கட்டுவதையும் போர் ஆராய்ச்சியையும் எதிர்த்து மாணவர்கள் கட்டடங்களைக் கைப்பற்றினார்கள்.

இந்தக் கேள்விக்கு அவர் எழுதிய பதில் பெரியது. 1850 முதல் 1924 வரை அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் ஆப்பிரிக்கா மீதான தங்கள் நாட்டின் கொள்கையை எப்படி உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திருப்பப் பார்த்தார்கள் என்று 1992-ல் ஒரு நூல் கொண்டுவந்தார். முந்தைய பதிலில் வந்த, லைபீரியாவுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கத் தூதுவர்கள் அதில் வெறும் அலங்காரப் பொம்மைகளாக வரமாட்டார்கள். கொஞ்சமே கிடைத்த அதிகாரத்தைக் கொண்டு லைபீரியா போன்ற கறுப்பின நாடுகளின் இறையாண்மையைக் காப்பாற்ற முயன்றவர்களாக வருவார்கள். தன் சொந்த மூன்று ஆண்டுகளையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்று நான் வாசிக்கிறேன்.

ஆராய்ச்சிங்கிற பேர்ல உளவு பார்த்துட்டு அப்புறம் தூதரா வந்தாரோ?

இதற்கு ஆதாரம் எதுவும் யாரும் காட்டியதில்லை. ஆனால் கேள்வி ஏன் எழுகிறது என்பது முக்கியம். 1919-ல் அமெரிக்க மானிடவியலின் தந்தை ஃபிரான்ஸ் போவாஸ், ஆய்வாளர் வேடத்தில் உளவு வேலை பார்த்த சில மானிடவியலாளர்களைப் பெயர் சொல்லாமல் பத்திரிகையில் கண்டித்தார். அவருடைய சங்கமே அவருக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் போட்டது. 1965-ல் அமெரிக்க ராணுவப் பணத்தில் சமூக விஞ்ஞானிகளை வைத்து நடத்தவிருந்த 'கேம்லட் திட்டம்' அம்பலமாகிக் கைவிடப்பட்டது. 1967-ல் மானிடவியலாளர் சங்கம், ரகசிய அரசு வேலையிலிருந்து விலகியிருக்கும்படி அறிக்கை விட்டது. ஸ்கின்னர் தூதராக இருந்தது இந்தச் சூட்டுக்கு நடுவில்.

தூதர் ஒளிந்து வேலை செய்பவர் அல்ல. யாருடைய ஆள் என்று காரிலேயே கொடி பறக்கும். அந்த வகையில் அவர் போவாஸ் கண்டித்த ரகத்தைச் சேர்ந்தவரல்ல. ஆனாலும் ஒரு நெருடல் மிச்சமிருக்கிறது. 1956-ல் கம்பு மாவுக் களியைப் பகிர்ந்துகொண்டு தங்கள் குடும்பச் சண்டையையும் நிலத் தகராறையும் சொன்னவர்களுக்கு, அந்த ஆய்வாளர் பத்து ஆண்டு கழித்து ஒரு வல்லரசின் பிரதிநிதியாக வருவார் என்று தெரியாது. அவருக்கும் தெரியாதுதான். கள ஆய்வு செய்யும் நம் மாணவர்கள் இதை வகுப்பில் விவாதிக்கலாம். இன்னொரு பொருத்தமும் உண்டு: கொலம்பியாவில் ஸ்கின்னர் பின்னாளில் வகித்த பேராசிரியர் இருக்கையின் பெயர், ஃபிரான்ஸ் போவாஸ் இருக்கை.

மூணே வருஷத்துல ஏன் திரும்பிட்டார்? ஏதாவது பிரச்சினையா?

ஒன்றுமில்லை. 1969 ஜனவரியில் நிக்சன் வந்தார். ஜனாதிபதி மாறினால், வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட தூதர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுப்பது மரபு. ஸ்கின்னர் அந்த ஆண்டே பொறுப்பை விட்டார். அடுத்து வந்த வில்லியம் ஷாஃபெல் தொழில்முறை அதிகாரி.

அதுக்கப்புறம் அரசியல் பக்கம் போகலையா?

வகுப்பறைக்குத்தான் போனார். 1972 முதல் 1975 வரை கொலம்பியாவின் மானிடவியல் துறைத் தலைவர். 1974-ல் வகாடூகு நகரம் பற்றிய பெரிய நூல் பிரின்ஸ்டன் வெளியீடாக வந்தது. கிராமத்து மொஸ்ஸி நகரத்துக்கு வந்தால் உறவு, வேலை, கல்யாணம், கோர்ட்டு, கேளிக்கை எல்லாம் என்ன ஆகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் நூல். ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான ஹெர்ஸ்கோவிட்ஸ் விருதை 1975-ல் பெற்றது. அவர் எழுதிய காலத்து வகாடூகு ஒரு சிறு நகரம், இன்று 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1994-ல் ஓய்வு பெற்றார். 2007 ஏப்ரல் 1-ல் வாஷிங்டனில், 82-வது வயதில் காலமானார்.

தலைவர்கள் முறை உதிராதுன்னு எழுதினாரே, அது பலிச்சுதா?

பெருமளவு பலித்தது. 1983-ல் ஆட்சிக்கு வந்த சங்கரா ஊர்த்தலைவர்களின் சலுகைகளைப் பறித்தார். மோகோ நாபாவின் அரண்மனைக்கு மின்சாரம்கூட நின்றது. 1987-ல் சங்கரா கொல்லப்பட்டார், தலைவர்கள் இருந்தார்கள். இதையெல்லாம் சேர்த்து ஸ்கின்னர் தன் முதல் நூலை 1989-ல் விரித்து வெளியிட்டார். துணைத்தலைப்பில் தலைவர்கள், அரசியல்வாதிகள், ராணுவத்தினர் என்று மூன்று தரப்பையும் போட்டார்.

அவர் மறைந்த பிறகு 2015 செப்டம்பரில், ஜனாதிபதி பாதுகாப்புப் படை ஆட்சியைப் பிடித்தது. எதிர்த்து மற்ற ராணுவப் பிரிவுகள் தலைநகருக்குள் வந்துவிட்டன. ரத்தம் சிந்தாமலிருக்க இரு தரப்பு அதிகாரிகளும் உடன்பாட்டில் கையெழுத்திட்ட இடம், மேலே சொன்ன அதே மோகோ நாபாவின் அரண்மனை.

இவர் மாதிரி படிப்பாளித் தூதர்கள் வேற யாராவது உண்டா?

உண்டு. மெர்சர் குக், ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சுப் பேராசிரியர். 1961-ல் நைஜருக்கும் 1964-ல் செனகலுக்கும் தூதரானார். செனகல் ஜனாதிபதி செங்கோரின் எழுத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் அவரே. கிளின்டன் நாக்ஸ் வரலாற்றில் முனைவர், 1964 முதல் 1969 வரை டஹோமியில் இருந்தார். அதுதான் இன்றைய பெனின். ஜான் ரைன்ஹார்ட் ஆங்கில இலக்கியம் படித்து, 1971 முதல் 1975 வரை நைஜீரியாவில் தூதராக இருந்தார். இவர்களில் தன் ஆய்வுக் களத்துக்கே தூதராகப் போனவர் ஸ்கின்னர் மட்டும்.

ஒரே ஒரு புத்தகம் படிக்கணும்னா எதைப் படிக்கலாம்?

அரசியல் ஆர்வம் இருந்தால் 1989 பதிப்பு. நகரம், இடப்பெயர்வு ஆர்வம் இருந்தால் வகாடூகு நூல். கொஞ்சம் தடிமன், பட்டியல்களைத் தாண்டிப் படித்தாலும் நஷ்டமில்லை. நேரமே இல்லை என்பவர்கள் கூலி இடப்பெயர்வு பற்றிய 1960 கட்டுரையோடு தொடங்கலாம், ஓர் உட்காரலில் முடிந்துவிடும். தூதர் பதவியைப் பற்றிய ரகசியங்களைத் தேடி எதையும் வாங்காதீர்கள், அவர் அதையெல்லாம் புத்தகமாக எழுதும் ஆளில்லை.